ஃபிரேம்வொர்க்கில் பக்: காத்திருப்பதா, பின்வாங்குவதா, ஒட்டுப் போடுவதா, சுற்றிப் போவதா?

2025 ஆகஸ்ட், இரண்டாவது வாரம். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் வாய்மொழிப் பகுதி நடந்துகொண்டிருந்தது. எழுத்துத் தேர்வுக்கு ஏறக்குறைய ஆறு வாரம் இருந்தது. உபி வட்டாரத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் மென்பொருள் எழுதுபவர்கள் மூன்றே பேர். துணைப்பாட நிலையங்களுக்கான ஒரு செயலியைப் பார்த்துக்கொள்கிறோம். பிள்ளை கையால் எழுதிய கட்டுரையைப் பெற்றோர் போனில் படம் எடுத்து அனுப்புவார்கள். ஆசிரியர் திரையிலேயே கோடு போட்டுத் திருத்தித் திருப்பி அனுப்புவார். அந்த வாரம் ஒரு தமிழாசிரியை அழைத்தார். “தம்பி, நேத்திலேர்ந்து பாதிப் பிள்ளைங்க கட்டுரை படுத்துக் கிடக்குது. கழுத்தைச் சாய்ச்சுப் படிச்சுப் பார்த்தேன், முடியலை. கொஞ்சம் என்னன்னு பாருங்க.”

பார்த்தோம். முந்தின நாள்தான் படம் எடுக்கும் பிளகினை, அதாவது பிறர் எழுதி நாம் செயலியில் சேர்த்துக்கொள்ளும் துண்டு நிரலை, புதிய பதிப்புக்கு ஏற்றி வெளியிட்டிருந்தோம். பல போன்களின் கேமரா, படத்தை நிமிர்த்தி எழுதுவதில்லை. சென்சார் பார்த்தபடியே புள்ளிகளை எழுதிவிட்டு, காட்டும்போது எப்படித் திருப்ப வேண்டும் என்று கோப்போடு சேர்ந்து வரும் எக்ஸிஃப் என்ற விவரக் குறிப்பில் 1 முதல் 8 வரை ஓர் எண்ணை வைக்கும். 6 என்றால் வலப்பக்கமாக 90 பாகை. பிளகினின் புதிய பதிப்பு படத்தைச் சிறிதாக்கும்போது புள்ளிகளையும் திருப்பவில்லை, அந்த எண்ணையும் கூடவே எடுத்துச் செல்லவில்லை. எல்லாப் போனிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். எங்கள் மேசையில் இருந்த மூன்று போன்களில் ஒன்றில்கூட வரவில்லை.

ஃபிளட்டரோ ரியாக்ட் நேட்டிவோ, ஒரே நிரலில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் செயலி கட்ட உதவும் எந்த ஃபிரேம்வொர்க்கில் எழுதினாலும் சின்னக் குழுக்களுக்கு இந்த இடம் அடிக்கடி வரும். பிழை நம்முடையது இல்லை, அதைத் திருத்தும் அதிகாரமும் நம்மிடம் இல்லை, ஆனால் போனை எடுத்துப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். அப்போது கையில் இருக்கும் வழிகள் சில: திருத்தம் வரும்வரை காத்திருக்கலாம். பழைய பதிப்புக்குத் திரும்பலாம். பிறர் எழுதிய அந்த லைப்ரரியின் (நிரல் தொகுப்பின்) மீது நாமே ஒட்டுப் போடலாம். மொத்தமாக ஃபோர்க் எடுத்து, அதாவது தனிப் பிரதி எடுத்து, நம்முடையதாக்கிக்கொள்ளலாம். அல்லது பிழை இருக்கும் பகுதியைத் தொடாமல் சுற்றிப் போகும்படி நம் நிரலை மாற்றலாம்.

இவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலும் எது சீக்கிரம் முடியும் என்றே கேட்கிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் கேட்டேன். இப்போது என் கேள்வி வேறு: இதிலிருந்து எப்படி, எப்போது வெளியே வருவோம்? அந்த நாள் வந்துவிட்டது என்று நமக்கு யார் சொல்வார்கள்? உள்ளே போவதற்கு எந்த வழியிலும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் போதும். வெளியே வருவதில்தான் இவை ஒன்றுக்கொன்று மலையளவு வேறுபடுகின்றன.

முதலில், பிழை அவர்களுடையதுதானா?

வழிகளுக்குப் போகும் முன் இதை முடித்துவிட வேண்டும். புதிதாக ஒரு வெற்று புராஜெக்ட், அதில் அந்த ஒரே ஒரு பிளகின், முப்பது நாற்பது வரி நிரல். அதிலும் பிழை வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் குற்றம் நம் வீட்டில்தான் இருக்கிறது. என் அனுபவத்தில், ஃபிரேம்வொர்க் மீது நாங்கள் போட்ட பழிகளில் கணிசமானவை இந்தச் சோதனையிலேயே விழுந்துவிட்டன.

தமிழ்ச் செயலிகளில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. பெயர் எழுதும் பெட்டியில் 12 எழுத்து வரை என்று வரம்பு வைத்திருந்தோம். ஒரு தகப்பனார் தன் பெயரைத் தமிழில் எழுத முடியவில்லை என்றார். ‘கிருஷ்ணமூர்த்தி’ என்பதில் நம் கணக்கில் எழுத்து எட்டு: கி, ரு, ஷ், ண, மூ, ர், த், தி. ஆனால் யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள், மொத்தம் 15. ஃபிளட்டரின் டார்ட் மொழியில் சரத்தின் நீளம் கேட்டால் 15 என்றுதான் வரும். அதை ஃபிளட்டரின் பிழை என்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அது பிழையே இல்லை, நீளம் என்றால் அங்கே அதுதான் பொருள். நாம் சொல்லும் எழுத்தை எண்ண ‘கேரக்டர்ஸ்’ என்ற பேக்கேஜ் இருக்கிறது. அது எட்டு என்று சரியாகச் சொல்லும். இப்படி ஒன்றுக்கு ஒட்டுப் போடத் தொடங்கியிருந்தால் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்த கதையாகியிருக்கும்.

அந்த வெற்று புராஜெக்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. பராமரிப்பவர்களுக்குப் பிழையை எழுதி அனுப்பும்போது அதையே இணைக்கலாம். அப்படி இணைத்த புகார்தான் வேகமாகக் கவனிக்கப்படும். அப்புறம், பிழை சரியானதா என்று பின்னாளில் பார்ப்பதற்கும் அதுவே அளவுகோல். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த ஒரு மணி நேரத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

காத்திருப்பது

சும்மா இருப்பதுபோலத் தோன்றினாலும் இது ஒரு முடிவுதான். சில சமயம் வேறு வழியே இருக்காது. 2018 பிப்ரவரியில் ஐஓஎஸ் 11.2.5 இல் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்தாலே செயலிகள் மூடிக்கொண்டன. பிழை இயங்குதளத்தின் எழுத்து வரையும் பகுதியில் இருந்தது. செயலி எழுதுபவர் கைக்கு எட்டும் இடமே இல்லை. பிப்ரவரி 19 அன்று 11.2.6 வந்தபின்தான் ஓய்ந்தது.

காத்திருந்தவர்கள் பிழைத்துக்கொண்ட கதையும் உண்டு. ஃபிளட்டரில் ஐபோனில் ஓர் அசைவு முதல்முறை ஓடும்போது திக்கித் திக்கி ஓடும். திரையில் வரைவதற்கான சின்ன நிரல்களான ஷேடர்களை அந்த நேரத்தில்தான் தொகுத்துக்கொண்டிருக்கும். அதற்குக் கொடுக்கப்பட்ட மாற்றுவழி, செயலியை உண்மையான போனில் ஓட்டி, எல்லாத் திரைகளையும் தொட்டு, ஷேடர்களைப் பதிவுசெய்து, அந்தப் பதிவைச் செயலியோடு கட்டி அனுப்புவது. ஒரு போனில் எடுத்த பதிவு இன்னொரு போனில் உதவும் என்ற உறுதி கிடையாது. செயலி மாறினால் மறுபடியும் எடுக்க வேண்டும். 2023 மே மாதம் ஃபிளட்டர் 3.10 இல் இம்பெல்லர் என்ற புதிய வரைவு எஞ்சின் ஐபோனுக்கு இயல்பாக வந்ததும் அந்த உழைப்பெல்லாம் தேவையில்லாமல் போனது. அந்தத் திக்கல் வாடிக்கையாளருக்குப் பெரிய தொல்லையாக இல்லாத செயலிகளுக்குக் காத்திருந்ததே சரியான முடிவு.

ஆனால் காத்திருப்பதற்கு ஒரு நிபந்தனை வேண்டும்: பயன்படுத்துபவரின் வேலை நிற்கக் கூடாது. எங்கள் ஆசிரியைக்கு வேலை நின்றுவிட்டது.

தமிழ் சார்ந்த பிழைகளில் காத்திருப்பது இன்னும் கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டில் ‘பூ’, ‘கூ’, ‘ஸ்ரீ’ போன்ற எழுத்துகளின் வாலோ தலையோ வெட்டுப்பட்டுத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கில எழுத்தை மட்டும் வைத்து உயரத்தை அளந்த வடிவமைப்பில், எழுத்துருவுக்கான கூடுதல் இடத்தை அணைத்துவிடுவதால் வருவது அது. ரியாக்ட் நேட்டிவில் ‘இன்க்ளூட் ஃபான்ட் பேடிங்’ என்ற அமைப்பைப் பொய் என்று வைத்தால் இது நடக்கும். சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. நான்கு மொழியிலும் வரும் செயலிகளைத் தினமும் பார்க்கிறோம். அவற்றைச் சோதிக்கும் மேசையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் எப்போதும் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஒரு லைப்ரரியைப் பராமரிப்பவருக்கு வெட்டுப்பட்ட ‘பூ’வும் முழுப் ‘பூ’வும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே தமிழ் எழுத்துப் பிழைகளுக்கு, தவறான படத்தையும் சரியான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த இடம் குறைகிறது என்று வட்டம் போட்டு அனுப்புவது நம் வேலை. வேறு யாராவது அனுப்புவார்கள் என்று நாம் எல்லோரும் இருந்துவிட்டால் அது வரவே வராது.

பழைய பதிப்பிலேயே நிற்பது

சின்னக் குழுவுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நேற்றுவரை ஓடிய பதிப்பு எது என்று தெரியும். அதையே எழுதிப் பூட்டிவிட்டால் இன்று மாலைக்குள் வெளியிடலாம். நிரலில் ஒரு வரியும் மாறாது. வெளியே வரும் வழியும் சுலபம்: எண்ணை மாற்றினால் போதும்.

பூட்டுவது என்றால் முழுதாகப் பூட்ட வேண்டும். 2022 நவம்பர் 4 அன்று நடந்ததை ரியாக்ட் நேட்டிவ் எழுதுபவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவரை ஆண்ட்ராய்டுக்கான கட்டுமானக் கோப்புகள் என்பிஎம் பேக்கேஜோடு சேர்ந்தே வந்தன. 0.71 இன் முன்னோட்டப் பதிப்பிலிருந்து அவற்றை மேவன் சென்ட்ரல் என்ற பொது இணையக் கிடங்கில் வெளியிடத் தொடங்கினார்கள். ஆண்ட்ராய்டுக்கு எப்படிக் கட்டுவது என்று சொல்லும், புராஜெக்டோடு வரும் கிரேடில் கோப்பில், ரியாக்ட் நேட்டிவ் எந்தப் பதிப்பு என்ற இடத்தில் ஒரு கூட்டல் குறி இருந்தது. ‘கிடைப்பதில் புதியது’ என்று அதற்குப் பொருள். அதுவரை அது உள்ளூர்க் கோப்பையே காட்டியது. அன்று முதல் மேவனில் இருந்த முன்னோட்டப் பதிப்பை இழுத்துவந்தது. ஒரு வரியும் மாற்றாதவர்களின் பில்டுகள், அதாவது செயலியைக் கட்டும் வேலைகள், உலகம் முழுக்க உடைந்தன. 0.63 முதல் 0.70 வரை எல்லா வரிசைகளுக்கும் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. தங்கள் பேக்கேஜ் கோப்பில் பதிப்பைக் கச்சிதமாகப் பூட்டியிருந்தவர்களும் தப்பவில்லை, ஏனென்றால் திறந்த கதவு வேறு ஒரு கோப்பில் இருந்தது. நிறுவிய பதிப்பு எண்களைக் குறித்துவைக்கும் லாக் கோப்பை ரெப்போவில் (குழுவின் நிரல் எல்லாம் இருக்கும் கிடங்கில்) சேர்ப்பது, ஃபிளட்டர் பதிப்பையே புராஜெக்டுக்கு ஒன்றாகக் கட்டிவைப்பது, கூட்டல் குறியும் ‘லேட்டஸ்ட்’ என்ற சொல்லும் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது, இவ்வளவும் சேர்ந்ததுதான் பூட்டு.

இந்த வழிக்கு ஒரு காலக்கெடு உண்டு. அதைக் குறிப்பது நாம் இல்லை, கடைக்காரர்கள். 2024 ஏப்ரல் 29 முதல் ஆப்பிள் கடைக்குப் போகும் எதுவும் ஆப்பிளின் கட்டுமானக் கருவியான எக்ஸ்கோட் 15 இல் கட்டியிருக்க வேண்டும் என்றார்கள். 2025 ஏப்ரல் 24 முதல் எக்ஸ்கோட் 16. செயலி இலக்கு வைக்கும் ஆண்ட்ராய்டு நிலை 2024 ஆகஸ்ட் 31 முதல் ஏபிஐ 34, 2025 ஆகஸ்ட் 31 முதல் ஏபிஐ 35 என்றது கூகுள் பிளே. வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் ஆகஸ்டிலும், பழைய பதிப்பில் நிற்பவர் காலடியில் தரை நகரும். நாங்கள் சிக்கியது சரியாக அங்கேதான். பிளகினின் பழைய பதிப்பு, புதிய இலக்கு ஏபிஐயோடு சேர்த்துக் கட்டினால் படம் எடுத்துத் திரும்பியதும் செயலியை மூடிவிடும். கெடுவுக்கு மூன்று வாரம்கூட இல்லை. நவம்பர் 1 வரை நீட்டிப்புக் கேட்க வழி இருந்தது. ஆனால் அது தேர்வுக் காலம் முழுக்க எந்த நேரமும் உடையக்கூடிய செயலியோடு ஓட்டுவதாகும். இந்தக் கதவு எங்களுக்கு மூடியிருந்தது.

சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு வங்கிக்குச் செயலி எழுதும் நண்பர் ஒருவர் இதையே வேறு விதமாகச் சொல்வார். அவர்களுக்குப் பழைய பதிப்பில் நிற்பது எங்களைவிட விலை அதிகம். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் 2021 தொழில்நுட்ப இடர் மேலாண்மை வழிகாட்டி, பாதுகாப்புத் திருத்தங்களைக் காலத்தோடு போடுவதை எதிர்பார்க்கிறது. ஒரு லைப்ரரியைப் பழைய எண்ணில் பூட்டினால் அதற்கான காரணத்தை எழுதி, அனுமதி வாங்கி, எப்போது விடுவிப்போம் என்றும் சொல்ல வேண்டும். அந்தக் கடைசிக் கேள்வியை எங்களைப் போன்ற சின்னக் குழுக்களும் தங்களையே கேட்டுக்கொண்டால் நல்லது. பூட்டிய வரிக்கு மேலே ஒரு குறிப்பு: ஏன் பூட்டினோம், எந்த இஷ்யூ (பிழைப் புகார்), எந்தத் தேதியில் மறுபடி பார்ப்போம். இவ்வளவு போதும்.

ஒட்டுப் போடுவது

டியூப் பஞ்சரானால் ஒட்டுப் போடுவது தெரிந்த வேலை. ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் தேய்த்து ஒட்டுவது. ரியாக்ட் நேட்டிவ் உலகில் ‘பேட்ச் பேக்கேஜ்’ என்ற கருவி இதைத்தான் செய்கிறது. நோட் மாட்யூல்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் லைப்ரரிக் கோப்பை நேரடியாகத் திருத்திவிட்டு, கருவியை ஓட்டினால், மாறிய வரிகளை மட்டும் ஒரு சின்னக் கோப்பாக எடுத்து நம் ரெப்போவில் வைக்கும். யார் எப்போது நிறுவினாலும் அந்தத் திருத்தம் தானாகச் சேரும். லைப்ரரிகளை நிறுவும் கருவிகளான யார்னின் புதிய பதிப்புகளிலும் பிஎன்பிஎம்மிலும் இது உள்ளமைந்தே வருகிறது.

இதில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. பேட்ச் கோப்பின் பெயரிலேயே லைப்ரரியின் பதிப்பு எண் இருக்கும். லைப்ரரி மாறினால் கருவி எச்சரிக்கும். ஒட்டு பொருந்தாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். வெளியே வர வேண்டிய நாளை அதுவே கதவைத் தட்டிச் சொல்கிறது. என் கணக்கில் ஐந்து, பத்து வரிக்குள் அடங்கும் திருத்தத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. நூறு வரியானால் இது ஒட்டு இல்லை, மாற்று டியூப். ஒவ்வொரு பதிப்பிலும் பொருந்தாமல் போய், அதைச் சரிக்கட்டுவதே தனி வேலையாகிவிடும்.

டார்ட்டில் இதற்கு இணையான உள்ளமைந்த கருவி இல்லை. அங்கே திருத்திய பிரதியை வேறு ரெப்போவில் வைத்து, எந்த லைப்ரரிகள் வேண்டும் என்று சொல்லும் பப்ஸ்பெக் கோப்பில் ‘டிபெண்டன்சி ஓவர்ரைட்ஸ்’ என்று எழுதி அதைக் காட்ட வேண்டும். நிறுவும்போது ‘ஓவர்ரிடன்’ என்று ஒரு குறி காட்டும், அவ்வளவுதான். மூல லைப்ரரியில் திருத்தம் வந்து ஆறு மாதம் ஆனாலும் நம் பில்டு ஒன்றும் சொல்லாது. அதனால் ஃபிளட்டரில் ஒட்டுப் போடுவதை ரியாக்ட் நேட்டிவைவிட ஒரு படி கீழேதான் வைப்பேன்.

ஒட்டிலும் நல்லது கெட்டது உண்டு. 2023 மார்ச்சில் வந்த எக்ஸ்கோட் 14.3 இல் ‘லிப் ஆர்க்லைட்’ என்ற பழைய கோப்பை ஆப்பிள் எடுத்துவிட்டது. மிகப் பழைய ஐஓஎஸ் பதிப்புகளைத் தாங்குவதாக அறிவித்திருந்த லைப்ரரிகள் எல்லாம் கட்ட முடியாமல் நின்றன. இரண்டு மாற்றுவழிகள் வாய்வழியாகப் பரவின. ஒன்று, பழைய எக்ஸ்கோடிலிருந்து அந்தக் கோப்பை நகலெடுத்துப் புதியதற்குள் போடுவது. மற்றது, ஐபோன் லைப்ரரிகளைப் பட்டியலிடும் பாட்ஃபைலின் கடைசியில் சில வரிகள் சேர்த்து, எல்லா லைப்ரரிகளின் குறைந்தபட்ச ஐஓஎஸ் பதிப்பையும் 11க்கோ 12க்கோ உயர்த்துவது. முதலாவது இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அது உங்கள் மேக்கில் மட்டும் இருக்கும். ரெப்போவில் தடமே இருக்காது. புதிதாகச் சேர்ந்தவரின் மேக்கிலும் பில்டு சர்வரிலும் மறுபடி உடையும், ஏன் உடைகிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது ரெப்போவில் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிகிறது, தேவையில்லாதபோது அழிக்கலாம். ரெப்போவில் எழுத முடியாத மாற்றுவழியை நான் இப்போது ஏற்பதே இல்லை.

ரெப்போவில் இருந்தும் கெட்டுப்போகும் ஒட்டுகளும் உண்டு. 2020 இல் எக்ஸ்கோட் 12 வந்தபோது, மேக்கிலேயே ஐபோனைப்போல ஓடும் சிமுலேட்டருக்குக் கட்டுவதில் சிக்கல் வந்தது. ‘எக்ஸ்க்ளூடட் ஆர்க்ஸ்’ அமைப்பில் சிமுலேட்டருக்கு ஆர்ம்64 என்ற சிப் மொழி வேண்டாம் என்று எழுதினால் தீர்ந்தது. இன்டெல் மேக்குகளில் அதனால் கெடுதல் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் எம்1 மேக்குகள் வந்தன. அவற்றின் சொந்த மொழியே ஆர்ம்64. அந்த ஒரு வரி இருந்த புராஜெக்டுகள் புதிய மேக்கில் ரொசெட்டா என்ற மாற்றி வழியாக இன்டெல் வேஷம் கட்டித்தான் சிமுலேட்டரில் ஓடின. மருந்தாக வந்த வரி நோயாக மாறியது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல். அந்த வரியை இன்றும் பழைய புராஜெக்டுகளில் பார்க்கிறேன். எழுதியவர் வேலை மாறியிருப்பார், எடுக்கப் பயந்து விட்டுவைத்திருப்பார்கள்.

அணைக்கும் பொத்தான்களும் இதே ரகம்தான். இம்பெல்லரில் வரைவுப் பிழைகள் வந்தவர்கள், ஐபோன் செயலியின் இன்ஃபோ கோப்பில் ஒரு வரி எழுதி அதை அணைத்துப் பழைய எஞ்சினுக்குத் திரும்பினார்கள். ஃபிளட்டர் 3.29 இல் ஐபோனுக்கான பழைய எஞ்சினையே எடுத்துவிட்டார்கள்; அந்த வரிக்கு இப்போது எந்த விளைவும் இல்லை. பொத்தான் கொடுத்தால் அது அவகாசம் என்று எடுத்துக்கொண்டு, அந்த அவகாசத்தில் பிழையைப் புகாராக எழுதியவர்களுக்கே அது பயன்பட்டது.

ஃபோர்க்

பராமரிப்பவர் கைவிட்டுவிட்ட லைப்ரரி, அதற்கு மாற்று இல்லை, நம் செயலியின் உயிரே அதில் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஃபோர்க் எடுங்கள். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

தமிழர்களுக்கு ஃபோர்க்கின் விலையை விளக்கத் தேவையே இல்லை. 1997 மே மாதம் இதே சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது, தீர்க்க வேண்டிய முதன்மையான சிக்கல்களில் ஒன்று எழுத்துக் குறியாக்கம். கணினி தமிழைத் தாங்கவில்லை என்பதற்காக, ஒவ்வொரு எழுத்துருவை உருவாக்கியவரும் ரோமன் எழுத்துகளின் இடங்களில் தம் விருப்பப்படி தமிழ் எழுத்துகளை வைத்திருந்தார்கள். அன்று அது தேவையான மாற்றுவழி. அது இல்லாமல் தமிழ் திரைக்கு வந்தே இருக்காது. ஆனால் ஒருவர் எழுதியது இன்னொருவர் கணினியில் புரியாத குறிகளாக வந்தது. டிஸ்கி, டாப், டாம் என்று பொதுக் குறியாக்கங்கள் வந்து, பின்பு யூனிகோடு நிலைபெற்று, இன்றும் பழைய கோப்புகளைத் திறக்க மாற்றி தேடுகிறோம். தனித்தனியாகப் பிரிந்து போனவர்கள் மறுபடி ஒன்று சேர எத்தனை ஆண்டு ஆகும் என்பதை நம் மொழியே பார்த்திருக்கிறது.

ஃபிரேம்வொர்க்கையே மாற்றிவிடலாம் என்ற பேச்சும் பிழை வரும் ஒவ்வொரு முறையும் எழும். ஒரு பிழைக்காக மாறினால், அங்கே போய் அங்குள்ள பிழைகளை முதலிலிருந்து கற்க வேண்டும். பேச்சோடு விட்டுவிடுங்கள்.

சுற்றிப் போவது: நாங்கள் செய்தது

பிளகினில் உடைந்திருந்தது படம் எடுக்கும் பகுதி இல்லை, சிறிதாக்கும் பகுதி மட்டும்தான். அப்படியானால் அதைச் சிறிதாக்கச் சொல்லாமல் இருந்தால் என்ன? எங்கள் குழுவின் மூத்தவர், நாங்கள் அண்ணா என்று கூப்பிடுபவர், இதைக் கேட்டார். அதுவரை நான் பிளகினின் ஆண்ட்ராய்டுப் பகுதியான கோட்லின் மொழிக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே ஒட்டுவது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் மாலை செயலியைத் தொடவே இல்லை. ஆசிரியர்கள் பார்ப்பது இணையப் பக்கம். அதற்குக் கடையின் அனுமதி தேவையில்லை. அங்கே ‘திருப்பு’ என்று ஒரு பொத்தான் வைத்தோம். ஏற்கெனவே சாய்ந்து வந்துவிட்ட படங்களில் எண்ணே தொலைந்துவிட்டதால், அவற்றை மனிதக் கண்ணால்தான் நிமிர்த்த முடியும். ஆசிரியை அன்றிரவே திருத்தத் தொடங்கினார்.

அடுத்து, செயலியில் சிறிதாக்கும் அளவுருவை எடுத்துவிட்டு, மூலப் படத்தை அப்படியே சர்வருக்கு அனுப்பி, அங்கே நிமிர்த்திச் சிறிதாக்கினோம். 400 கிலோபைட்டாக இருந்தது 4 மெகாபைட்டானது. இங்கே வீட்டு இணையம் வேகமானது என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்பதாம் நாள் எங்கள் குழுவில் இளையவர் ஒன்றைக் கண்டார். மூலப் படங்கள் சிலவற்றின் எக்ஸிஃப் குறிப்பில், படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருந்தன. பிள்ளைகளின் வீடுகள். பழைய முறையில் சிறிதாக்கும்போதே அது உதிர்ந்துபோனதால் நாங்கள் யோசித்ததே இல்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நமக்குத் தேவையில்லாத ஒரு பிள்ளையின் முகவரி நம்மிடம் வந்து சேரவே கூடாது. அன்றே சர்வரில் இருந்த மூலங்களை அழித்தோம்.

பிறகு செய்ததுதான் இன்றும் இருக்கிறது. பிளகினைச் செயலியின் திரைகள் நேரடியாகக் கூப்பிடாதபடி, நடுவில் எங்கள் கோப்பு ஒன்று: படம் கொடு என்றால் நிமிர்ந்த, சிறிய, குறிப்புகள் உதிர்ந்த படத்தைக் கொடுக்கும். உள்ளே பிளகினிடம் மூலத்தை வாங்கி, எக்ஸிஃப் எண்ணைப் புள்ளிகளிலேயே பதித்து, சிறிதாக்குகிறது. போனிலேயே செய்வதற்கு ஒரு விலை உண்டு. 12 மெகாபிக்சல் படத்தை நினைவகத்தில் விரித்தால் 4000 பெருக்கல் 3000 பெருக்கல் 4 பைட், அதாவது 48 மெகாபைட். திரை உறையாமலிருக்க அதைத் தனி ஐசொலேட்டில், அதாவது திரையிலிருந்து பிரிந்து ஓடும் தடத்தில், ஓட்டுகிறோம். பழைய போன்களில் ஒரு படத்துக்கு இரண்டு மூன்று விநாடி ஆகிறது. ஒட்டுப் போட்டிருந்தால் இந்த விநாடிகள் மிச்சம். ஆனாலும் இதைத்தான் மறுபடியும் தேர்வேன், ஏனென்றால் பிளகின் எந்தப் பதிப்புக்கு மாறினாலும் இந்தக் கோப்பு அதோடு மோதாது.

மோதாது என்பதிலேயே ஒரு குறையும் இருக்கிறது. மூலப் பிழை சரியானாலும் எங்களுக்குத் தெரியாமல் போகும். பேட்ச் கருவி தருவது போன்ற எச்சரிக்கையை நாங்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது. எண் 6 வைத்த ஒரு படத்தைச் சோதனைக் கோப்பாக வைத்திருக்கிறோம். பிழை வரும் ரகப் போன் ஒன்றைச் சிம் லிம் ஸ்குவேரில் பழையதாக வாங்கி மேசையில் செருகியிருக்கிறோம். பிளகின் பதிப்பை ஏற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் போனில், பிளகினையே சிறிதாக்கச் சொல்லி ஒரு சோதனை ஓடும். படம் நிமிர்ந்து வந்தால், எங்கள் கோப்பின் நடுப்பகுதியை அழிக்கலாம் என்று பில்டு சிவப்பாகி நிற்கும்.

அதன் பிறகு பதிப்பு இரண்டு முறை மாறிவிட்டது. இரண்டு முறையும் படம் சாய்ந்தே வந்தது. இஷ்யூவில் எங்கள் வெற்று புராஜெக்டை இணைத்து, போனின் மாடலையும் எழுதியிருக்கிறோம். பராமரிப்பவர் ஒருவர் அந்தப் பிழையைத் தன் பக்கத்திலும் பார்த்துவிட்டதாகப் பதில் எழுதியிருக்கிறார். ஆசிரியர் திரையில் ‘திருப்பு’ பொத்தானை மட்டும் எடுக்கவில்லை. சில பிள்ளைகள் தாளையே படுக்கவைத்து எழுதுகிறார்கள் என்று ஆசிரியை சொன்னார், அதனால் அது அங்கேயே இருக்கிறது.